அப்பிச்சியின் பட்டன் போன்

பழமையைப் பிடித்துக்கொண்டு விடமறுப்பவர் முதியோர்; புதுமையைத் தேடி ஓடுபவர் இளையோர். இப்படித்தான் நம்மிற் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன், சென்ற ஓண விடுமுறைக்கு ஊர் போகும் வரையில்.

எங்கள் ஊர் வடகரப்பதி. பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரம். வேலந்தாவளத்தைத் தாண்டிவிட்டால் கோவை மாவட்டம். அரசாங்க ஏடுகளில் நாங்கள் கேரளத்தார். வீட்டிலும் வயலிலும் சந்தையிலும் எங்கள் பேச்சுத் தமிழ், அதிலும் கொங்குத் தமிழ். தாயின் தந்தையை நாங்கள் அப்பிச்சி என்போம். எழுபத்தெட்டு வயதான என் அப்பிச்சியின் வேட்டி மடிப்பில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் குடியிருந்தது ஒரு நோக்கியா 1100. அதை மாற்றி ஒரு தொடுதிரைப் போனை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது வீட்டாரின் தீர்மானம். தூது போகும் பொறுப்பு எனக்கு!

“ஏங்கண்ணு, இது கெட்டா போச்சு? கூப்பிட்டா மணி அடிக்குது, பேசுனாக் கேக்குது. அப்பறம் எதுக்கு மாத்தோணும்?” என்றார்.

“காலம் மாறிப்போச்சுங்க அப்பிச்சி” என்றேன்.

“காலம் மாறுச்சு, சரி. போன்ல என்ன மாறுச்சு? அதச் சொல்லு.”

நண்பர்களே, எனக்கு விடை தெரியவில்லை. அறிவியல் பயிலும் மாணவன் என்று பெயர். சட்டைப் பையில் இருக்கும் பொருளைப்பற்றி ஒரு முதியவர் கேட்ட கேள்விக்கு விடையில்லை. அன்றிரவு தொடங்கித் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

முதலில் அந்தக் கருவியைப் பற்றி. நோக்கியா 1100 வெளிவந்தது 2003ஆம் ஆண்டில். உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்று, மிகுதியாக விற்பனையான கைப்பேசி என்று பேர் எடுத்தது. எடை 86 கிராம். தூசி புகாதபடி பொத்தான்கள் எல்லாம் ஒரே விரிப்பாக அமைந்திருக்கும். ஈரக் கையிலும் வழுக்காத பக்கங்கள். தலையில் ஒரு டார்ச். வெயிலும் புழுதியும் மின்வெட்டும் உள்ள நாடுகளை மனத்தில் வைத்தே அதை வடித்தார்கள். இராவேளையில் தென்னந்தோப்புக்குள் நடப்பவனுக்குப் பாம்பு கண்ணில் படவேண்டும். அந்த டார்ச்சின் அருமை நகரத்தாருக்கு விளங்காது. ஐந்தாம் எண் பொத்தானின்மேல் ஒரு சிறு மேடு உண்டு. அதைத் தடவிப் பார்த்தே மற்ற எண்களின் இடத்தை விரல் அறிந்துகொள்ளும். கண்ணாடி போடாமல், இருட்டில், அப்பிச்சி பத்து எண்களையும் தட்டிவிடுவார்.

அந்த ஒரு கருவி ஊருக்கு வருமுன் நடந்த கதை நீண்டது; சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். மார்ட்டின் கூப்பர் நியூயார்க்கு நகரத் தெருவில் நின்று கைப்பேசியில் முதன்முதலாகப் பேசியது 1973 ஏப்ரல் 3இல். இந்தியாவில் 1995 சூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். கேரளத்தில் 1996இல், கொச்சியில், முதலில் பேசியவர் எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை. நாட்டின் முதல் அழைப்பு அரசியலாருடையது. கேரளத்தின் முதல் அழைப்பு எழுத்தாளருடையது! இது நிற்க.

“போன்ல என்ன மாறுச்சு?” என்ற கேள்விக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் கூட்டுக் கிணறுகள் உண்டு. கிணறு ஒன்று, பங்காளிகள் பலர். எல்லாரும் ஒரே நேரத்தில் இறைக்க முடியாது. முறை வைத்து இறைப்பார்கள். 2ஜி என்று நாம் சொல்லும் இரண்டாம் தலைமுறை முறையும் இதுவேதான். 200 கிலோ ஹெர்ட்சு அகலமுள்ள ஓர் அலைவரிசை ஒரு கிணறு. அதற்கு எட்டுப் பங்காளிகள். ஒரு சுற்று முடிய 4.615 மில்லி நொடி. அதாவது ஒரு நொடிக்குள் இருநூறு சுற்றுக்கு மேல் முறை வந்துபோகிறது. அத்தனை விரைவாக வருவதால், நம் பேச்சு துண்டு துண்டாகப் போவதைக் காது உணர்வதில்லை. பேசத் தொடங்கியது முதல் முடிக்கும் வரை அந்த முறை நமக்கே உரியது. பேசாமல் மௌனமாக இருந்தாலும் அது நம்முடையதே.

நான்காம் தலைமுறையில் இந்த நிலையான பங்கு கிடையாது. பேச்சு, படம், பாட்டு எல்லாவற்றையும் சிறுசிறு பொதிகளாகக் கட்டி, ஒவ்வொன்றின்மேலும் முகவரி எழுதி, இருக்கும் இடத்துக்கேற்ப அனுப்புகிறார்கள். பேச்சும் ஒரு வகைச் சரக்கு, அவ்வளவே. முறை வைத்து இறைக்கப் பழகிய கருவிக்கு இந்தப் பொதிகளைக் கட்டவும் தெரியாது, அவிழ்க்கவும் தெரியாது. ஆகவேதான் 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் 4ஜி மட்டுமே கொண்டு தொடங்கியபோது, அதன் அட்டை பழைய போன்களில் உயிர்பெறவில்லை.

வெளிநாடுகளிலோ, 2ஜியையே மூடத் தொடங்கிவிட்டார்கள். சப்பானில் டோக்கோமோ 2012இல் மூடியது. ஆத்திரேலியாவின் டெல்ஸ்ட்ரா 2016இல் மூடியது. 2017இல் சிங்கப்பூர். அங்கே அப்பிச்சியின் போன் நல்ல நிலையில் இருந்தும் வெறும் டார்ச்சாகிவிடும். நம் நாட்டில் நடந்தது வேறு. ஏர்டெல் 2020இல் தன் 3ஜியை மூடிவிட்டு 2ஜியை வைத்துக்கொண்டது. இளையவன் முந்திக்கொண்டான், மூத்தவன் இருக்கிறான்! காரணம், பட்டன் போன் வைத்திருக்கும் மக்கள் இன்னும் ஏராளம். எங்கள் தோட்டத்துப் பம்புசெட்டே ஒரு சான்று. அதன் மோட்டார் ஸ்டார்ட்டருக்குள் ஒரு 2ஜி அட்டை இருக்கிறது. வீட்டிலிருந்து அதைக் கூப்பிட்டு ஓர் எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடும். ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு சுருதிகள் கலந்த தனி ஓசை உண்டு; ஒன்றாம் எண்ணுக்கு 697, 1209 ஹெர்ட்சு. அந்த ஓசையைக் கேட்டே ஸ்டார்ட்டர் கட்டளையை அறிகிறது.

எனவே அப்பிச்சி சொன்னதில் பிழையில்லை. போன் கெடவில்லை, அதன் அலையும் நிற்கவில்லை. மறுநாள் காலை இதை ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு மேற்கு வேலியைக் காட்டினார். அதில் ஒரு கதை உண்டு. எல்லையோரத்தார்க்கே உரிய கதை.

1956 நவம்பர் முதல் நாளில் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. தொலைபேசித் துறையும் பெரும்பாலும் அந்த எல்லையையே தன் வட்டங்களுக்கு எல்லையாகக் கொண்டது: கேரளம் ஒரு வட்டம், தமிழ்நாடு ஒரு வட்டம். ஆனால் வானலைக்குச் சோதனைச் சாவடி ஏது? எங்கள் தோட்டத்தில் மேற்கு வேலியோரம் நின்றால் கேரளக் கோபுரம் கிடைக்கும். கிழக்கே கிணற்று மேட்டில் நின்றால் தமிழ்நாட்டுக் கோபுரம் வந்து பிடித்துக்கொள்ளும். கேரள அட்டை தமிழ்நாட்டுக் கோபுரத்தைப் பிடித்தால் அதற்கு ரோமிங் என்று பெயர். வீட்டு வட்டத்துக்குள் வரும் அழைப்புக்குக் கட்டணம் 2003இலேயே நீங்கிவிட்டது. ரோமிங்கில் அது நீங்கவில்லை. 2015 மே மாதம் வரை நிமிடத்துக்கு 75 காசு வரை வாங்கலாம் என்பது விதி; பிறகு அது 45 காசாயிற்று. தன் சொந்தக் கிணற்று மேட்டில் நின்று, வந்த அழைப்பை எடுத்ததற்குப் பணம் கட்டிய உழவர்கள் நாங்கள்! பி.எஸ்.என்.எல். 2015 சூனில் இதை நீக்கியது. மற்றப் பெரிய நிறுவனங்கள் 2017க்குள் நீக்கின. அதுவரை ஊரில் பலர் இரண்டு அட்டை வைத்திருந்தனர். அப்பிச்சி ஒரே அட்டைக்காரர். மணி அடித்தால் போனை எடுத்துக்கொண்டு மேற்கு வேலிக்கு விரைவார். அங்கே போய்த்தான் “அலோ” என்பார்.

இனி, அவருடைய போனில் எனக்கே குறையாகத் தோன்றிய ஒன்றைச் சொல்ல வேண்டும். அது மொழி. அப்பிச்சி தமிழ் மட்டுமே படிப்பவர். அவர் போனுக்கு வரும் செய்திகளோ ஆங்கிலம் அல்லது மலையாளம். யாரேனும் தமிழில் அனுப்பினால் அந்தச் சிறு திரையில் வெறுங்கட்டங்கள் வரிசையாக நிற்கும். ஏன் இப்படி?

குறுஞ்செய்தி ஒன்றுக்கு வகுத்த இடம் 140 பைட்டு. 1985இல் செருமனியின் பான் நகரில் பிரீடெல்ம் கில்லெபிராண்டு என்ற பொறியாளர் தட்டச்சுப் பொறியின்முன் அமர்ந்து மனத்தில் தோன்றிய வாக்கியங்களை அடித்து எண்ணிப்பார்த்தார். அவற்றிற் பெரும்பாலானவை 160 எழுத்துக்குள் அடங்கின. போதும் என்று முடிவு செய்தார். உரோமன் எழுத்து ஒன்றுக்கு 7 பிட்டு என்று கணக்கிட்டால் 140 பைட்டில் 160 எழுத்து அடங்கும். ஒருங்குறியில் தமிழ் எழுதினாலோ ஓர் இடத்துக்கு 16 பிட்டு. ஆகவே 70 இடமே கிடைக்கும். அதிலும் புள்ளிக்கு ஓர் இடம், கொம்புக்கு ஓர் இடம், சுழிக்கு ஓர் இடம். ‘வடகரப்பதி’ என்று எழுதிப் பாருங்கள்; நம் கணக்கில் எழுத்து ஏழு, போனின் கணக்கில் இடம் ஒன்பது. இரட்டைச் செலவைத் தவிர்க்கத்தான் நம் தலைமுறைக்கு முன்னவர் தமிழை உரோமன் எழுத்தில் எழுதிப் பழகினர். அந்தப் பழக்கம் தேவை போன பின்னும் நம்மை விடவில்லை. நம் மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவையே பாருங்கள், தமிழ் மன்றத்தின் குழு! இவ்வளவு சொன்னால் போதும்.

இத்தனைக்கும் பின் அப்பிச்சி எப்படித்தான் இசைந்தார்? என் சொல்லுக்கு அன்று. தேங்காய்க்கு.

ஆண்டுதோறும் தேங்காய் எடுக்கும் பொள்ளாச்சி வியாபாரியின் தொழிலை இப்போது அவர் மகன் நடத்துகிறார். முன்பெல்லாம் தந்தையார் நேரில் வந்து, குவியலிலிருந்து காயை எடுத்துத் தட்டிப் பார்த்து விலை பேசுவார். மகனோ, “குவியல ஒரு படம் எடுத்து அனுப்புங்க, வெல சொல்றேன்” என்றார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் படம் அனுப்பினார். வண்டி முதலில் அங்கே போயிற்று. எங்கள் காய் பத்து நாள் களத்தில் கிடந்தது. அந்தப் பத்து நாளும் அப்பிச்சி போனைப்பற்றிப் பேசவேயில்லை. பதினோராம் நாள், “செரி, வாங்கியா” என்றார்.

வாங்குமுன் இடைவழி ஒன்று உண்டா என்று பார்த்தேன். பணம் அனுப்பவேண்டும் என்பதற்காக மட்டும் பட்டன் போனைத் தூக்கி எறியவேண்டியதில்லை. இதைப் பலர் அறியார். நட்சத்திரக் குறி, 99, கட்டக் குறி என்று அழுத்தினால், இணையம் இல்லாமலே வங்கிக் கணக்கைப் பார்க்கவும் பணம் அனுப்பவும் வழி 2014இலிருந்து நாடெங்கும் உண்டு. 2022 மார்ச்சில் ரிசர்வு வங்கி பட்டன் போன்களுக்கென்றே யு.பி.ஐ. 123பே என்ற முறையையும் தொடங்கிவைத்தது. 4ஜி ஏற்கும் பட்டன் போன்களும் கடைகளில் உண்டு. 2023இல் வந்தபோது ஜியோ பாரத்தின் விலை 999 ரூபாயாக இருந்தது. அதைத்தான் அப்பிச்சி விரும்பினார். ஆயினும் அந்தச் சிறு திரையிலும் எளிய படக்கருவியிலும் தேங்காயின் தரம் தெரியுமா? சிங்கப்பூரிலுள்ள சித்தியின் முகந்தான் தெரியுமா? பாட்டியும் அம்மாவும் பெரிய திரை என்றே சொன்னார்கள். பெரிய திரையே வந்தது.

வந்த அன்றே தகராறு. பழைய அட்டை 25க்கு 15 மில்லிமீட்டர். புதிய போன் கேட்பதோ அதில் மூன்றிலொரு பங்கும் இல்லாத சிறு துண்டு. வேறு அட்டை வாங்கவேண்டியதாயிற்று. பழைய போனின் நினைவில் இருந்த ஐம்பது பெயர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினேன். அவற்றில் ஒன்பது பேர் காலமாகிவிட்டவர்கள். “அவங்களையும் எழுது” என்றார், எழுதினேன்.

மணி அடித்தது. அப்பிச்சி பச்சை வட்டத்தை அழுத்தினார், ஒன்றும் நிகழவில்லை. தள்ளினார், ஒன்றும் நிகழவில்லை. நான் தொட்டேன், உடனே பேசியது. அவர் என் விரலையும் தம் விரலையும் மாறிமாறிப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. போன் வைத்திருந்த இருபது ஆண்டுகளில் அதற்காக ஒருவர் உதவியையும் நாடாத மனிதர் அவர்!

குறை அவரிடம் இல்லை. பொத்தான் அழுத்தத்தை அறியும். தொடுதிரை அழுத்தத்தை அறியாது. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கம்பி வலை ஒன்று இருக்கிறது. ஈரப்பசை உள்ள விரல் அருகே வந்தால், அங்குள்ள மின்னேற்றத்தில் சிறு மாறுதல் உண்டாகும். அந்த மாறுதலைக் கொண்டே விரல் இருக்கும் இடத்தைக் கருவி கணிக்கிறது. மண்வெட்டியும் மட்டையும் பிடித்துக் காய்த்துப்போன விரலின் தோல் தடித்தது, உலர்ந்தது. மின்சாரம் அதில் எளிதில் செல்லாது. திரைக்கு அது விரலாகவே தோன்றுவதில்லை. ஏடு புரட்டும் நம் விரலைத் திரை அறிகிறது. உழைத்த விரலை அறியமாட்டேன் என்கிறது! விரல் நுனியைச் சற்று நனைத்துத் துடைத்துவிட்டுத் தொட்டால் ஓரளவு கேட்கிறது. நுனியை விட விரலின் வயிற்றுப் பக்கம் மேல். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று நாள் ஆயிற்று.

நான்காம் நாள் வேறொன்று நடந்தது. 2017 முதல் கூகுள் தமிழில் பேசினால் எழுதித் தருகிறது. ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுக் கொடுத்துவிட்டு, “பேசுங்க அப்பிச்சி” என்றேன். வியாபாரி மகனுக்குச் செய்தி சொன்னார். அவருடைய கொங்குச் சொற்களில் இரண்டொன்றை அது எங்கோ கொண்டுபோய்விட்டது. ஆனால் மற்றவை, அவர் வாயிலிருந்து வந்த சொற்கள், தமிழ் எழுத்தில் திரையில் வரிசையாக வந்து நின்றன. எழுத்துக்கூட்டி ஒருமுறை படித்தார். பிறகு பாட்டியைக் கூப்பிட்டு இன்னொரு முறை உரக்கப் படித்தார்.

விடுமுறை முடிந்து நான் திரும்பும் நாளில் பழைய போன் பம்புசெட்டு அறையில், ஆணியில் தொங்கிய பைக்குள் இருந்தது. மோட்டாருக்கு மட்டும் அதுதான் வேண்டுமாம். அதற்கென்று தனியாக ஓர் அட்டை வாங்கியிருந்தார். பேருந்துக்கு நிற்கும்போது அவரைக் கூப்பிட்டேன். மணி நெடுநேரம் அடித்தது. எடுத்துவிட்டுப் பேசவில்லை. சருகில் செருப்பு உரசும் ஒலி மட்டும் கேட்டது. வேலிப் படல் கிறீச்சிட்டது. அதற்குப் பிறகுதான், “அலோ, சொல்லு கண்ணு” என்றார்.