ப்ளூபெர்ரி ரத்தக் குழாயைக் கழுவி விடுமா?

போன லீவுக்கு வீட்டுக்குப் போனப்போ அப்பா ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டைக் காட்டினார். "தினமும் ஒரு கைப்பிடி ப்ளூபெர்ரி சாப்பிட்டால் ரத்தக் குழாய் அடைப்பு கரைந்து ஓடிவிடும்." கீழே, தமனிக்குள் ஊதாத் தண்ணீர் பாயற மாதிரி ஒரு படம். அப்பா மூணு வருஷமா பிபி மாத்திரை சாப்பிடுறவர். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏம்மா, மாத்திரையை நிறுத்திட்டு இதையே சாப்பிடலாமா?"

"வேண்டாம்ப்பா"ன்னு உடனே சொல்லிட்டேன். "ஏன்?"னு கேட்டப்போதான் சரியா பதில் சொல்லத் தெரியல. ஹாஸ்டலுக்குத் திரும்பி வந்து தேடிப் படிச்சதை இங்கே எழுதுறேன். உங்க வீட்டு குரூப்லயும் இந்த ஃபார்வர்ட் கண்டிப்பா வந்திருக்கும்.

ரத்தக் குழாய் ஒரு பிவிசி பைப் இல்லை

அந்தப் படத்தில் இருக்கிற தப்பே இதுதான். பைப்போட உள்சுவர் சும்மா இருக்கும். ரத்தக் குழாயின் உள்சுவர் உயிருள்ளது. அங்கே ஒரே ஒரு செல் தடிமனில் ஒரு படலம் இருக்கிறது. அதன் பெயர் எண்டோதீலியம். அதைச் சுற்றி வெளியே தசை. தசை இறுகினால் குழாய் சுருங்கும், தளர்ந்தால் விரியும்.

1980ல் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற அமெரிக்க விஞ்ஞானி முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்து ஒரு சோதனை செய்தார். அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சேர்த்தால் துண்டு தளர்ந்தது. ஆனால் கையாளும்போது எண்டோதீலியம் தேய்ந்து போயிருந்த துண்டுகள் தளரவே இல்லை. அதாவது "தளரு" என்று தசைக்குச் சிக்னல் கொடுப்பது அந்த மெல்லிய படலம்தான். அந்த சிக்னல் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்று பிறகு தெரிந்தது. இதற்காக ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் 1998ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

குழாய் கொஞ்சம் விரிந்தால் என்ன பெரிய லாபம்? ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரை ஞாபகப்படுத்திக்கோங்க. ஹேகன்-பாய்சுவல் சமன்பாட்டின்படி ஃப்ளோ, ஆரத்தின் நாலாவது அடுக்கைப் பொறுத்தது. பிரஷர் வித்தியாசம் மாறாமல் ஆரம் 10% கூடினால், ஃப்ளோ சுமார் 46% கூடும். பரீட்சைக்காக மனப்பாடம் பண்ண ஃபார்முலா நம்ம உடம்புக்குள்ளேயே ஓடிக்கிட்டு இருக்கு!

பெர்ரி எங்கே வருகிறது?

நைட்ரிக் ஆக்சைடு சில நொடிகள்தான் உயிரோடு இருக்கும். அதற்குள் சூப்பர் ஆக்சைடு என்ற இன்னொரு மூலக்கூறு அதைப் பிடித்துக் காலி செய்துவிடும். வயது, புகை, சர்க்கரை நோய் எல்லாம் சூப்பர் ஆக்சைடைக் கூட்டுகிற விஷயங்கள்.

ப்ளூபெர்ரிக்கு ஊதா நிறம் தருவது ஆந்தோசயனின். இதை அப்படியே ரத்தம் உறிஞ்சுவது ரொம்பக் குறைவு. பெரும்பகுதியைக் குடல் பாக்டீரியாக்கள் சின்னச் சின்ன பீனாலிக் அமிலங்களாக உடைத்துக் கொடுக்கின்றன. இவை, சூப்பர் ஆக்சைடைத் தயாரிக்கிற என்சைமைக் கொஞ்சம் அடக்கி வைப்பதாகத் தெரிகிறது. எதிரி குறைந்தால் நைட்ரிக் ஆக்சைடு கூடுதல் நேரம் வேலை செய்யும். ஆகவே பெர்ரி எதையும் கழுவவில்லை. சுவர் தன் வேலையைச் செய்ய உதவுகிறது, அவ்வளவுதான்.

இதை அளக்க ஒரு டெஸ்ட் இருக்கிறது. கையில் பிபி பார்க்கிற பட்டையைக் கட்டி 5 நிமிஷம் ரத்த ஓட்டத்தை நிறுத்துவார்கள். பிறகு சட்டென்று விடுவிப்பார்கள். ரத்தம் வேகமாகப் பாயும்போது கைத் தமனி எத்தனை சதவீதம் விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்கள். நல்ல எண்டோதீலியம் என்றால் நன்றாக விரியும்.

2013ல் வெளியான ஓர் ஆய்வில் 21 ஆரோக்கியமான ஆண்களுக்கு ப்ளூபெர்ரி பானம் கொடுத்து இதே டெஸ்ட் செய்தார்கள். குடித்த 1-2 மணி நேரத்தில் ஒரு முறையும், 6 மணி நேரத்தில் மறுபடியும் தமனி விரிவது கூடியது. ரத்தத்தில் அந்தச் சின்ன அமிலங்கள் ஏறிய நேரமும் இதனோடு ஒத்துப்போனது.

அப்போ மாத்திரை?

இங்கேதான் நிதானமா படிக்கணும். 2019ல் லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆய்வில், 40 ஆரோக்கியமானவர்கள் ஒரு மாதம் பங்கெடுத்தார்கள். தினமும் 200 கிராம் ப்ளூபெர்ரிக்குச் சமமான பானம் குடித்தவர்களுக்கு மேல் பிபி சுமார் 5 புள்ளி குறைந்தது. ஃபார்வர்ட் எழுதுறவங்க இதோட நிறுத்திடுவாங்க.

அதே 2019ல் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு 6 மாதம் நடந்தது. 50 முதல் 75 வயதுக்குட்பட்ட, தொப்பை, பிபி, சர்க்கரை என்று சிக்கல் இருந்த 115 பேர். தினமும் 150 கிராமுக்குச் சமமான பொடி சாப்பிட்டவர்களுக்குத் தமனி விரிவது 1.45 சதவீதப் புள்ளி கூடியது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் பாதி அளவு, அதாவது 75 கிராம் சாப்பிட்டவர்களுக்குப் பலன் இல்லை. பிபி குறையவும் இல்லை. இந்த ஆய்வுக்கான பணத்தில் ஒரு பகுதி அமெரிக்க ப்ளூபெர்ரி விவசாயிகள் அமைப்பிடமிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அப்பாவோட நிலைமை முதல் ஆய்வை விட இரண்டாவதுக்குத்தான் பக்கம். அடைப்பு கரையுமா என்றால், அடைப்பு பைப்பில் ஒட்டின அழுக்கு மாதிரி இல்லை. கொழுப்பு எண்டோதீலியத்துக்கு அடியில், சுவருக்கு உள்ளேயே சேர்கிறது. எந்தப் பழச்சாறும் அதைக் கழுவிக்கொண்டு போகாது. சில பிபி மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் பிபி முன்பைவிட ஏறவும் வாய்ப்பு உண்டு.

செலவுக் கணக்கு

தினமும் 150 கிராம் என்றால் மாதம் 4.5 கிலோ. சூப்பர் மார்க்கெட்டில் விற்கிற 125 கிராம் டப்பா 36 வாங்கணும். நம்ம மெஸ் பில்லே அதைவிடக் கம்மியா இருக்கும்.

நாக்கை ஊதா ஆக்குகிற நம்ம நாவப்பழத்திலும் ஆந்தோசயனின்தான் இருக்கிறது. டெல்ஃபினிடின், பெட்டூனிடின், மால்விடின் ஆகிய மூன்றும் ப்ளூபெர்ரியிலும் உண்டு, நாவலிலும் உண்டு. அதுக்காக ப்ளூபெர்ரியில் கிடைத்த எண்களை நாவலுக்கு அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணக் கூடாது. சீசனில் ஆசையாச் சாப்பிடலாம். மருந்துன்னு நினைச்சுச் சாப்பிட வேண்டாம்.

போன வாரம் அப்பாவுக்கு போன் பண்ணி இதையெல்லாம் சொன்னேன். முழுசா கேட்டுட்டு, "அப்போ ரெண்டையும் சாப்பிடலாம்ல?"ன்னார். "தாராளமா சாப்பிடுங்க. மாத்திரையை மாத்தணும்னா டாக்டர்தான் மாத்தணும்"னு சொன்னேன். குரூப்ல அந்த ஃபார்வர்டுக்குக் கீழே அவரே இதை டைப் பண்ணிப் போட்டிருக்கார்.