தலைக்கு மேல் கம்பி, காதோரம் போன்

பனி மூடிய காலையில் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் தேயிலை மலையில் ஏறினால், கம்பி கண்ணில் படுமுன் அதன் சத்தம் காதில் விழும். தாளிக்கப் போகும் எண்ணெய் சட்டியில் முனகுவது போல 'சர்ர்ர்' என்று ஓர் ஓசை. உயர் அழுத்தக் கம்பியை ஒட்டியுள்ள ஈரக் காற்றில் மின்சாரம் துளித் துளியாகக் கசிவதால் வருவது அது. வெயில் ஏறினால் அடங்கிவிடும். கீழே கொழுந்து பறிக்கும் பெண்கள் அதைக் கவனிப்பதேயில்லை.

ஆனால் லயன் இஸ்தோப்பில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் கதை வேறு. ஓர் அம்மா கேட்டார்: "தம்பி, இந்தக் கம்பிக்கு அடியிலயே பொறந்து வளந்தாச்சு. இப்ப அந்த மேட்டுல டவரும் வந்திருச்சு. அதுக்குப் பொறகுதான் எனக்கு இந்தத் தலவலி. கேன்சர் வரும்னு வாட்ஸ்அப்புல வேற போடுறாங்க. நெசமா?"

நியாயமான கேள்வி. ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிக்க முடியாத கேள்வியும்கூட.

மின்சாரம் பிறந்த பள்ளத்தாக்கு

கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா ஆகிய இரண்டு ஆறுகளும் விழும் வேகத்தில் நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வாசித்தார். அவர் சொன்னது நடக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1950இல் லக்ஷபான மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1965இல் நோட்டன் பிரிட்ஜில் எழுந்த நிலையத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இங்கிருந்து கம்பிகள் மலை தாண்டிக் கொழும்புக்குப் போயின.

கம்பி போன வழியில் இருந்த லயன்களுக்கு வெளிச்சம் வர மட்டும் இன்னும் பல காலம் பிடித்தது. கொழும்பில் ஃபேன் சுற்றியபோது இங்கே காம்பராவுக்குள் குப்பி விளக்குதான். அது கவிழ்ந்து உடம்பு வெந்தவர்கள் நாடெங்கும் எத்தனையோ பேர். அந்தக் காயங்களுக்குச் சிகிச்சை செய்த அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, எளிதில் கவிழாத ஒரு குட்டை விளக்கை வடிவமைத்து அதற்காக 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். மின்சாரத்தால் வரும் தீங்கைப் பேசும்போது, மின்சாரம் இல்லாததால் வந்த தீங்கையும் தராசின் மறு தட்டில் வைத்தாக வேண்டும்.

கம்பி வேறு, டவர் வேறு

குழப்பத்தில் பாதி 'கதிர்வீச்சு' என்ற சொல்லால் வருகிறது. ஹிரோஷிமாவுக்கும் அதே சொல், எக்ஸ்ரேக்கும் அதே சொல், கைபேசிக்கும் அதே சொல். எக்ஸ்ரே போன்றவை உயிரணுவுக்குள் இருக்கும் மரபுப் பொருளையே உடைக்கும் வலு உள்ளவை. மின்கம்பியும் டவரும் அந்த இனத்தைச் சேர்ந்தவை அல்ல.

வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக அலைகிறது. அந்தக் கம்பியைச் சுற்றி மின்புலமும் காந்தப்புலமும் இருக்கும். மின்புலத்தைச் சுவரும் மரமும் பெரும்பாலும் மறித்துவிடும். காந்தப்புலம் சுவர் தாண்டி வரும். டவரும் போனும் வெளியிடுவது ரேடியோ அலை. நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை அதிரும் அது, வலுவாக இருந்தால் உடம்பைச் சூடாக்கும். உறுதியாக நிரூபிக்கப்பட்ட அதன் விளைவு அந்தச் சூடுதான். மக்கள் நடமாடும் இடத்தில் சூடு உணரும் அளவுக்கு எட்டக்கூடாது என்றே உலக வரம்புகளை எழுதியிருக்கிறார்கள்.

அயர்ன் பெட்டிக்கு எத்தனை, கம்பிக்கு எத்தனை

காந்தப்புலத்தை மைக்ரோடெஸ்லாவில் அளப்பார்கள். திசைகாட்டி முள்ளைத் திருப்பும் பூமியின் காந்தமே நம் நாட்டில் ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லா. அது அசையாமல் நிற்கும், மின்சாரத்தால் வருவது அசைந்துகொண்டே இருக்கும் என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. அளவின் பருமன் புரியட்டும் என்றுதான் சொல்கிறேன்.

அயர்ன் பெட்டியிலிருந்து 3 சென்டிமீட்டரில் 8 முதல் 30 வரை இருக்கும். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 0.03ஐத் தாண்டாது. பெரிய மின் கோபுரக் கம்பிக்கு நேர் கீழே 20 வரை போகலாம். ஐம்பது, நூறு மீட்டர் விலகினால் எல்லா வீட்டிலும் இருக்கும் சாதாரண அளவுக்கு இறங்கிவிடும். பொதுமக்களுக்கு 2010இல் சர்வதேசக் குழு வகுத்த வரம்பு 200. ஆக, பள்ளிச் சட்டைக்கு அயர்ன் போடும் கை, கம்பிக்கு அடியில் நடப்பவரைவிடச் சில சமயம் கூடுதலான புலத்தில் இருக்கிறது, ஐந்து நிமிடத்துக்கு. இங்கே விலகி நிற்பதுதான் மருந்து.

டென்வரில் எழுந்த சந்தேகம்

1979இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் இரண்டு ஆய்வாளர்கள், மின்கம்பிகளுக்கு அருகில் வசித்த பிள்ளைகளிடையே இரத்தப் புற்றுநோய் கூடுதலாகத் தெரிகிறது என்று எழுதினார்கள். அதன் பின் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2000இல் கணக்குப் பார்த்தபோது, வீட்டில் சராசரியாக 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் இருந்த பிள்ளைகளிடம் அந்த நோய் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரிந்தது. அந்த அளவில் வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு.

ஆய்வுக்கூடத்தில் எலிகளிலும் உயிரணுக்களிலும் தேடியபோது இதற்கு ஆதாரம் சரிவரக் கிடைக்கவில்லை. காந்தப்புலம்தான் காரணமா, அந்த வீடுகளுக்குப் பொதுவாக இருந்த வேறு ஏதாவதா என்று இன்னும் பிரிக்க முடியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2007இல் ஒரு கணக்குச் சொன்னது: காந்தப்புலமே காரணம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், உலகம் முழுவதும் ஆண்டுக்கு 100 முதல் 2,400 பிள்ளைகள் வரை இதனால் பாதிக்கப்படலாம். ஏற்கெனவே அரிதான நோய் அது.

பயந்து தோட்டத்தை விட்டுப் போகும்படியான எண் இல்லை. ஆனாலும் பிள்ளையின் கட்டிலை மீட்டர் பெட்டி மாட்டிய சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால், எதிர்ச் சுவருக்கு நகர்த்தச் சொல்வேன். அதற்குக் காசா பணமா?

டவர் தூரமானால் போன் கத்தும்

டவர் அலையால் பறவைகள் சாவதாகக் காட்டிய '2.0' படம் பார்த்தவர்களுக்கு டவர் என்றாலே சிட்டுக்குருவிதான் ஞாபகம் வரும். 2019இல் யாழ்ப்பாணத்தில் ஸ்மார்ட் விளக்குக் கம்பங்கள் நாட்டியபோது, அவை 5ஜி கோபுரங்கள் என்று மக்கள் எதிர்த்தார்கள். டவர் உயரமாக நிற்கிறது, கண்ணை உறுத்துகிறது. போன் சட்டைப் பையில் கிடப்பதால் அதைச் சந்தேகிக்கத் தோன்றுவதில்லை.

ஆனால் கணக்கு தலைகீழ். டவரின் அலை பெரும்பாலும் கிடைமட்டமாகத் தூரத்தை நோக்கிப் போகிறது. காலடியில் விழுவது கொஞ்சம். மக்கள் நடமாடும் இடங்களில் அளந்தபோது உலக வரம்பில் 0.002 முதல் 2 சதவீதம் வரையே இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் தலைக்குப் பெரும்பங்கு வருவது, காதோடு ஒட்டிய போனிலிருந்துதான்.

இங்கேதான் மலைநாட்டுக்கே உரிய ஒரு சங்கதி இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரோடு மெதுவாகப் பேசுவோம். எதிர் மலையில் நிற்பவரைக் கூவி அழைப்போம். போனும் அப்படியே. டவர் அருகில் இருந்தால் மிகச் சிறு சக்தியில் வேலையை முடித்துக்கொள்ளும். பள்ளத்தில், தகரக் கூரைக்குக் கீழே, ஒரே ஒரு கோடு சிக்னலில் பேசினால் தன் முழு வலுவையும் போட்டுக் கத்தும். சற்றுப் பேசியதும் போன் சுடுகிறது, பேட்டரி கரைகிறது என்றால் அது கத்திக்கொண்டிருக்கிறது என்று எண்ணலாம். கொரோனா காலத்தில் பாடம் கேட்கச் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறிய நம் பிள்ளைகள், தெரியாமலே சரியானதைத்தான் செய்தார்கள். டவரே வேண்டாம் என்று விரட்டிவிட்டு அதே போனில் ஒரு மணி நேரம் பேசுகிறவர், தன் தலைக்குப் போகும் அலையைத் தானே கூட்டிக்கொள்கிறார்.

அந்த அலை புற்றுநோய் தருமா? 13 நாடுகள் சேர்ந்து நடத்திய இன்டர்ஃபோன் ஆய்வு 2010இல் வந்தது. பொதுவாக அபாயம் கூடியதாகத் தெரியவில்லை. மிக அதிகமாகப் பேசியவர்களிடம் மட்டும் ஒரு சந்தேகக் கோடு இருந்தது. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் 63 ஆய்வுகளை அலசி 2024இல் வெளியான தொகுப்பு, மூளைப் புற்றுநோய்க்கும் போனுக்கும் தொடர்பு காணவில்லை. உலகம் முழுக்கப் போன் பெருகியும் மூளைக் கட்டி அதற்கேற்ப ஏறவில்லை. எனக்கு இது பெரிய ஆறுதல். ஆனாலும் ஒரு கோடு சிக்னலில் லவுட்ஸ்பீக்கரைப் போட்டு ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பேசுகிறேன். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் போனை அந்தப் பக்கச் சட்டைப் பையில் வைக்கக்கூடாது; ஒரு சாணாவது விலகி இருக்கட்டும். கதிரைத் தடுக்கும் ஸ்டிக்கர் என்று விற்பதை வாங்காதீர்கள். அது நிஜமாகவே தடுத்தால், போன் இன்னும் பலமாகக் கத்தும்.

அடுப்படியில் இருக்கும் பட்டியல்

வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் ஒரே இடத்தைக் காட்டும்: புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச நிறுவனம் மின்கம்பியின் காந்தப்புலத்தையும் (2002), போனின் ரேடியோ அலையையும் (2011) 'புற்றுநோய் தரக்கூடும்' என்ற 2பி வகுப்பில் போட்டிருக்கிறது. உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியலின் மேல் வகுப்புகளை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

அந்த அம்மாவின் குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். சுவரெல்லாம் கரி. காய்ந்த தேயிலை மிலாறை அடுப்பில் திணித்து ஊதாங்குழலால் ஊதினார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. வீட்டுக்குள் விறகு எரிக்கும் புகை 2ஏ வகுப்பு, 'பெரும்பாலும் தரும்'. எனக்கு ஆவி பறக்கச் சாயத்தண்ணி கொடுத்தார். 65 பாகைக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானமும் 2ஏதான், உணவுக்குழாயைக் கருதி. அவர் வாயில் குதப்பிக்கொண்டிருந்த வெற்றிலை பாக்கு, புகையிலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் வகுப்பு. சந்தேகத்துக்கே இடமில்லாமல் புற்றுநோய் தரும் பொருள்களின் வகுப்பு அது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த வகுப்புகள் ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைக் காட்டுகின்றன. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. ஆனால் வெற்றிலையைப் பொறுத்தவரை இரண்டும் பெரிதுதான். நம் நாட்டு ஆண்களிடம் முன்னணியில் இருக்கும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வாயில் வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ இருந்தால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கரண்ட் உண்மையில் கொல்லும் விதம்

மலையகச் செய்திகளில் அடிக்கடி வருவது இரண்டு: மின்கசிவால் லயன் எரிந்தது, மின்சாரம் தாக்கி ஒருவர் இறந்தார். தோட்டத்துக்குப் பன்றி வராமலிருக்கத் திருட்டுத்தனமாகக் கரண்ட் பாய்ச்சிய கம்பி மனிதரையும் கொல்லும், சிறுத்தையையும் கொல்லும். ஒரே பிளக்கில் அயர்ன், டீவி, நாலு போன் சார்ஜர் தொங்குவதை எத்தனையோ காம்பராக்களில் பார்த்திருக்கிறேன்.

ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அறுத்துவிட வேண்டியது அதன் வேலை. மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். 'டக்' என்று விழாவிட்டால் வயர்மேனைக் கூப்பிடுங்கள். பெரிய கம்பிக்கு அடியில், அதே திசையில் இரும்புக் கம்பியில் துணி காயப்போட்டால் கை வைக்கும்போது சுருக்கென்று கடிக்கலாம். நைலான் கயிறு கட்டுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலை இடி முழங்கினால் சார்ஜரோடு இணைந்த போனை எடுத்துப் பேசாதீர்கள்.

கேட்டு வாங்க வேண்டிய தாள்

டவரைப் பற்றிய கோபத்தில் எனக்குப் புரிகிற பகுதி ஒன்று உண்டு: வைக்குமுன் யாரும் நம்மைக் கேட்பதில்லை. அலை பாதுகாப்பான அளவில் இருந்தாலும் அந்த மனக்குறை நியாயமானதுதான். டவர்களைக் கவனிக்கும் பொறுப்பு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, இந்த டவரின் அனுமதிப் பத்திரமும் அளவீட்டு அறிக்கையும் வேண்டும் என்று தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தருகிறோமா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும்.

தலைவலி

டவரால் தலைவலி, தூக்கமின்மை என்று சொல்பவர்களை வைத்து உலகில் பல சோதனைகள் நடந்திருக்கின்றன. அலை ஓடுகிறதா, நின்றிருக்கிறதா என்று அவர்களுக்குச் சொல்லாமல் சோதித்தால் அவர்களால் கண்டுபிடிக்க முடிவதில்லை. ஓடுகிறது என்று நம்பும்போது, ஓடாவிட்டாலும் வலிக்கிறது. அதற்காக வலி பொய் என்று சொல்லிவிடக்கூடாது. வலி நெசம், காரணம்தான் வேறு. பயமே வலியைக் கூட்டும். பயத்தில் டவரையே பார்த்துக்கொண்டிருந்தால், வேறு எங்கேயோ இருக்கும் காரணம் தப்பிப் போகும்.

அந்த அம்மாவிடம் டிஸ்பென்சரியில் பிரஷர் பார்க்கவும், அடுத்த கிளினிக்கில் கண்ணைக் காட்டவும் சொல்லிவிட்டு வந்தேன். சில வாரம் கழித்துப் போன் வந்தது. பிரஷர் நூற்று எழுபதாம். மாத்திரை கொடுத்திருக்கிறார்களாம், கண்ணாடிக்கும் எழுதியிருக்கிறார்களாம். பாதி சொல்லும்போதே குரல் விட்டு விட்டு வந்தது. "சிக்னல் இல்ல தம்பி, இருங்க, வெளிய மேட்டுக்கு வந்து பேசுறேன்" என்றார்.