வண்டியின் பிறப்பறிதல்

ஒரு பொருளுக்குப் பெயர் சூட்டுவது எளிது. அப்பெயர் அதற்கு உரியதே என்று மெய்ப்பிப்பது எளிதன்று. இவ்வேறுபாட்டை மாணவர்கள் உணர்வதற்குப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை ஆராய்ந்து பார்ப்பது மிகவும் ஏற்ற பயிற்சியாகும்.

இங்கிலாந்தில் பழைய வண்டிகளைப் பேணுவோர் ஒன்றுகூடிக் கண்காட்சிகள் நடத்துவது வழக்கம். அத்தகைய கண்காட்சியொன்றில் விந்தையான வண்டி ஒன்று நிற்பதாக வைத்துக்கொள்வோம். அதன் பெட்ரோல் தொட்டி நீண்டு, மெருகேற்றிய அலுமினியத்தால் ஆகியது. கைப்பிடிகள் பந்தய வண்டியிற்போலத் தாழ்ந்துள்ளன. தொட்டியின்மீது எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. எந்தத் தொழிற்சாலையின் விலைப்பட்டியலைப் புரட்டினும் இவ்வுருவத்தைக் காண முடியாது. இஃது எத்தகைய வண்டி? எங்கே, எப்பொழுது உருவாயிற்று?

இதற்கு விடை காணும் முறை இலக்கணம் பயின்றோர்க்குப் புதிதன்று. ஒரு பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை எனப் பிரித்து ஆராய்கிறோம் அன்றோ? அவ்வாறே வண்டியையும் உறுப்பு உறுப்பாகப் பிரித்து நோக்குதல் வேண்டும்.

முதற்கண் எஞ்சினை நோக்குவோம். இரண்டு சிலிண்டர்கள் நிமிர்ந்து, அருகருகே நிற்கின்றன. இவ்வமைப்பைப் பிரிட்டிஷ் கம்பெனிகள் பல கையாண்டன. ஆதலால் இவ்வொரு குறி மட்டும் போதாது. இன்னும் நெருங்கிப் பார்த்தால், சிலிண்டர்களுக்கு இடையே முன்புறம் ஒன்றும் பின்புறம் ஒன்றுமாகப் பளபளக்கும் குழாய்கள் தெரிகின்றன. வால்வுகளை இயக்கும் தள்ளுகோல்கள் அவற்றினுள்ளே செல்கின்றன. வலப்பக்கத்தில் முக்கோண வடிவான மூடி ஒன்றும் உள்ளது. இவை டிரையம்ப் எஞ்சினின் அடையாளங்கள். எட்வர்டு டர்னர் என்பவர் வகுத்து, 1937-இல் ‘ஸ்பீடு டிவின்’ என்ற பெயரால் வெளிவந்த 498 கன சென்டிமீட்டர் வண்டியே இவ்வகைக்கு முன்னோடி. நார்ட்டன் கம்பெனியின் இரட்டைச் சிலிண்டர் எஞ்சினிலோ தள்ளுகோல்கள் சிலிண்டர் வார்ப்பினுள்ளேயே மறைந்திருக்கும்; இத்தகைய குழாய்கள் வெளியே தோன்றா.

அடுத்து, எஞ்சினைத் தாங்கும் சட்டகத்தைக் காண்போம். இரண்டு நீண்ட குழாய்கள் வண்டியின் தலைப்பகுதியிலிருந்து புறப்பட்டு, எஞ்சினுக்கு மேலே பின்னோக்கிச் சென்று, வளைந்து இறங்கி, அடிப்புறமாக முன்னோக்கி வந்து, மீண்டும் தலைப்பகுதியை அடைகின்றன. அவ்விடத்தில் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றன. இதுவே நார்ட்டனின் புகழ்பெற்ற ‘ஃபெதர்பெட்’ சட்டகம். ‘இறகு மெத்தை’ என்பது அச்சொல்லின் பொருள். பெல்பாஸ்ட் நகரத்து மெக்கான்ட்லெஸ் சகோதரர் இதனை வகுத்தனர். 1950-இல் ஜெஃப் டியூக் என்னும் வீரர் இச்சட்டகம் பூண்ட நார்ட்டனில் ஏறி, மான் தீவின் சீனியர் பந்தயத்தில் வென்றார்.

எஞ்சின் டிரையம்ப், சட்டகம் நார்ட்டன். ஆகவே இவ்வண்டி ‘டிரைட்டன்’ எனப்படும் கலப்பினத்தைச் சார்ந்தது. இரு பெயர்களின் துண்டுகளும் புணர்ந்து ஒரு பெயராயின.

இக்கலப்புக்குக் காரணம் யாது? டிரையம்ப் எஞ்சின் விசை மிக்கது, எளிதிற் கிடைப்பது. ஆயினும் விரைவாக வளைவுகளில் திரும்பும்போது அதன் சொந்தச் சட்டகம் நார்ட்டனுக்கு ஈடாகாது என்பது அக்கால ஓட்டுநர்களின் பரவலான கருத்து. ஒன்றன் வலிமையையும் மற்றொன்றன் நிலைப்பாட்டையும் ஒருங்கே பெற இளைஞர் விழைந்தனர். 1950-களில் 500 கன சென்டிமீட்டர் சிறு பந்தயக் கார்களைக் கட்டியவர்கள், எஞ்சினுக்காகவே நார்ட்டன் பந்தய வண்டிகளை முழுமையாக வாங்கினர். எஞ்சின் இழந்த சட்டகங்கள் எஞ்சி நின்றன. அவற்றுட் சில இவ்விளைஞர்களின் கைக்கு வந்தன. இங்ஙனம் எளிய பணிமனைகளிலும் வீட்டுக் கொட்டகைகளிலும் பிறந்த இனம், 1965-இல் பார்சிலோனாவின் 24 மணி நேரப் பந்தயத்தையே வென்றது. டேவ் டிஜென்ஸ், ரெக்ஸ் புட்சர் என்னும் இருவர் மாறி மாறி ஓட்டிய டிரைட்டனே அவ்வெற்றியை ஈட்டிற்று.

இனம் தெரிந்தது, இனிக் காலத்தை அறிதல் வேண்டும். 650 கன சென்டிமீட்டர் வகை டிரையம்ப் எஞ்சின்களில் 1962 வரை கியர் பெட்டி தனி உறுப்பாக இருந்தது. 1963 மாதிரி முதல் எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே கூட்டினுள் அமைந்தன. நார்ட்டன் சட்டகத்தின் மேற்குழாய்களும், ஓட்டுநரின் முழங்கால்களுக்கு இடந்தரும் பொருட்டு, 1960 மாதிரியிலிருந்து இருக்கையருகே ஒடுங்கின. எனவே கியர் பெட்டி தனித்தும் குழாய்கள் ஒடுங்கியும் இருப்பின், இவ்வண்டி இன்றைய வடிவத்தை அடைந்தது 1960-ஐ ஒட்டியோ அதற்குப் பின்னரோ என்று துணியலாம். உறுப்புகளுள் இளையது எதுவோ, அதன் வயதுக்கு முற்பட்டதாக முழு வண்டி இருக்க இயலாது. ஆயினும் டயர், இருக்கை, மின்கம்பி முதலியன தேயத் தேய மாற்றப்படுவன; அவற்றைக் கொண்டு வண்டியின் பிறப்பைக் கணித்தல் தவறு.

எஞ்சினைச் சட்டகத்தோடு பிணைக்கும் தகடுகளும் கருதத்தக்கவை. இவற்றை டிரையம்ப் தொழிற்சாலையும் செய்யவில்லை. நார்ட்டன் தொழிற்சாலையும் செய்யவில்லை. கலப்பு வண்டியைக் கட்டியவனோ, அவனுக்கென்று பணிபுரிந்த கம்மியனோ அறுத்துத் துளையிட்டவை அவை. அரத்தின் தடத்திலும் துளையின் நேர்மையிலும் பெயர் தெரியாத அக்கைவினைஞனின் திறம் புலப்படும்.

எண்களும் சான்று பகரும். ஸ்டீவனேஜ் நகரில் செய்யப்பட்ட வின்சென்ட் வண்டிகளை இங்கே எடுத்துக்காட்டலாம். 1955-இல் உற்பத்தி நின்றுபோன அவ்வகையின் 998 கன சென்டிமீட்டர் வண்டிகளில், மேற்சட்டகத்தின் எண் எஞ்சினின் எண்ணைவிட 1900 கூடுதலாக இருக்கும். எஞ்சின் எண் 3000 எனின் சட்டக எண் 4900 ஆதல் வேண்டும். அவ்வாறு இல்லையெனில், வேறு வேறு வண்டிகளின் உறுப்புகள் ஒன்றுசேர்ந்துள்ளன என்பது வெளிப்படை.

இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கு அன்று. பழைய வண்டிகள் இன்று பெருவிலைக்குப் போகின்றன. எண்ணை அரத்தால் தேய்த்து வேறு எண்ணைப் பொறிப்போரும் உளர். ஃபெதர்பெட் சட்டகத்தைப் போன்றே புதிதாகச் செய்யப்படும் படிகளும் உள்ளன. படியைப் படி என்று சொல்லி விற்பது நேர்மை. மூலம் என்று சொல்லி விற்பது மோசடி. பெயரை மட்டும் நம்பி வாங்குபவன் ஆண்டுக்கணக்கில் சேர்த்த பொருளை இழப்பான். இதற்கு மறுதலையான தீங்கும் ஒன்றுண்டு. டிரைட்டனைக் ‘கலப்படம்’ என்று இகழ்ந்து, அதனைப் பிரித்துப் பழைய நார்ட்டனாக மாற்றிவிட்டால், 1960-களில் ஓர் இளைஞன் தன் கூலியைச் சேர்த்து, இரவுகளில் உழைத்துக் கட்டிய வேலைப்பாடு தடயமின்றி மறையும். ஒருமுறை பிரித்த சான்றை மீண்டும் கூட்ட இயலாது. ஆதலின் ஆராய்ந்து முடிக்குமுன் எந்த உறுப்பையும் கழற்றலாகாது.

மாணவர்களே, இத்தகைய வண்டி ஒன்றைக் காண நேர்ந்தால், ஒரு தாளில் மூன்று பத்திகள் இட்டுக்கொள்ளுங்கள். கண்ணால் கண்டதை முதற்பத்தியில் எழுதுங்கள். அதிலிருந்து ஊகித்ததை இரண்டாம் பத்தியில் எழுதுங்கள். உரிமையாளர் வாய்மொழியாகக் கூறியதை மூன்றாவதில் எழுதுங்கள். ஒரு பத்தியிலுள்ளது மற்றொரு பத்திக்கு நழுவிவிடாமல் காத்துக்கொள்ளுங்கள். வண்டியின் ஒளிப்படத்தையும் பொறிக்கப்பட்ட எண்களின் படியையும் தாளோடு இணைத்து வையுங்கள். பின்னர் அவ்வழியே வரும் ஆராய்ச்சியாளர் ஒருவர் உங்கள் முடிவை மறுக்க நேர்ந்தாலும், நீங்கள் திரட்டிய சான்று அவருக்குப் பயன்படும்.