கரிசலில் இறங்கும் பூனைப்பருந்துகள்

தென்காசி மாவட்டம் என்றால் குற்றாலமும் மலையும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். கிழக்கே மழைமறைவில் கிடக்கும் திருவேங்கடம் கரிசலை யாரும் காடாக மதிப்பதில்லை. ஆனால் ஐப்பசி மழையில் உளுந்தும் பாசியும் தலைகாட்டும் பருவத்தில், கஜகஸ்தான், ரஷ்யப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்த பூனைப்பருந்துகள் வலசை வருவது இதுபோன்ற வெட்டவெளிகளுக்குத்தான்.

கரும்பருந்து உயரே வட்டமடிக்கும். பூனைப்பருந்தோ இறக்கைகளைச் சற்றே மேல்நோக்கித் தூக்கியபடி, செடிகளை ஒட்டித் தாழ மிதந்து வரும். ஆண் சாம்பல் நிறம், இறக்கை நுனி கறுப்பு. பெண் பழுப்பு, வாலடியில் வெள்ளைப் பட்டை. முகம் ஆந்தை முகம்போல வட்டமானது. அதைச் சுற்றியுள்ள இறகுகள் ஒலியைக் காதுப்பக்கம் திருப்பிவிடுவதால், புல்லுக்குள் எலி ஓடும் சரசரப்புகூட அதற்குத் தப்பாது.

இரையில் செரிக்காததை உருண்டையாகக் கக்கிவிடும். காய்ந்த உருண்டையைப் பிரித்தால் தத்துக்கிளிகளின் கால்கள், தாடைகள், எலிமயிர், வானம்பாடியின் இறகு. சம்சாரிக்குக் கூலி கேட்காமல் பூச்சி பிடிக்கும் பறவை இது!

பொழுது சாய்ந்தால் மரத்தைத் தேடாது. சுற்றுவட்டாரப் பூனைப்பருந்துகளெல்லாம் ஒரே புல்தரையில் இறங்கி, தரையிலேயே உறங்கும். அந்த ஒரு துண்டு நிலம் போனால் அத்தனைக்கும் தங்குமிடம் போயிற்று. இந்தியாவில் 30 ஆண்டுகளில் எடுத்த உறங்குமிடக் கணக்குகளை ஏட்ரீ (ATREE) சூழலியல் ஆய்வு நிறுவனத்தார் 2018இல் தொகுத்தபோது, எண்ணிக்கை சரிந்திருப்பது தெரிந்தது.

கரிசலும் மாறிவிட்டது. கம்பும் சோளமும் நின்ற பிஞ்சைகளில் மக்காச்சோளம். 2018இல் அதைத் தின்னும் படைப்புழு வந்தபின் மருந்தடிப்பும் கூடியது. மருந்துக்குப் புழுவென்றும் தத்துக்கிளியென்றும் பேதம் தெரியாது. புறம்போக்கைச் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டது. எஞ்சிய வெட்டவெளிக்குச் சூரிய மின்தகடுகள் வருகின்றன. 'சும்மா கிடக்கிறதே' என்று நல்லெண்ணத்தோடு மரம் நடுவதும் இங்கே கேடுதான். புல்வெளிப் பறவைக்கு நிழல் தேவையில்லை.

சூரிய மின்சாரம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். நிலத்தை ஒதுக்குமுன் கார்த்திகை முதல் மாசி வரை அந்தி நேரத்தில் அங்கே பறவைக் கணக்கு எடுத்தாக வேண்டும். உங்கள் ஊர்த் தரிசில் பூனைப்பருந்து இறங்கினால், கிட்டே போகாமல் தள்ளிநின்று எண்ணுங்கள். பறவைக் கணக்குகளைச் சேர்க்கும் இ-பேர்டு (eBird) இணையதளத்தில் பதியுங்கள்.