பாடத்தில் இல்லாத பாடம் – 9: மலையடிவாரத்து வகுப்பறை

வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் பஸ் பிடிப்பவர்களுக்கு, காமக்காபட்டி செக்போஸ்டைத் தாண்டினால் வருவது குளுகுளு மலை. மானிடவியல் படித்தவர்களுக்கோ அது பளியர் பழங்குடியினரின் மலை. 1908-இலேயே ‘ஆந்த்ரோபோஸ்’ என்ற ஐரோப்பிய ஆய்விதழில், டாமன் என்ற சேசு சபைப் பாதிரியார் பழனிமலைப் பளியர்களைப் பற்றி எழுதிவிட்டார். 1960-களில் பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்கர் பளியர்களிடையே தங்கி ஆராய்ந்தார். 2003-இல் கிறிஸ்டர் நோர்ஸ்ட்ரோம் ஸ்வீடனில் ஆய்வு நூலே வெளியிட்டார்.

இங்கே? தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலின் 37 பெயர்களில் இவர்களுக்கே பல்லேயன், பல்லியன், பல்லியர் என்று தனித்தனியாக மூன்று வரிசை எண்கள். அரசாங்கம் அவர்களைத் தெரிந்துவைத்திருக்கும் லட்சணம் அது.

நம் பிளஸ் டூவில் மானிடவியல் என்றொரு பாடம் கிடையாது. மேற்கு வங்கத்தில் உண்டு. கல்கத்தா பல்கலைக்கழகம் 1920-ஐ ஒட்டித் துறையைத் தொடங்கியபோது பாடம் சொல்லப் போனவர் பாலக்காட்டுக்காரரான எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1945-இல் துறை வந்தது. பள்ளிக்கூடம் வரை அது இறங்கி வரவில்லை. ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு விருப்பப் பாடம் தேடும்போதுதான் நம் பிள்ளைகள் பலருக்கு இப்படியொரு படிப்பு இருப்பதே தெரிகிறது.

கார்ட்னர் 1966-இல் எழுதிய ஒரு கட்டுரையை வாத்தியார்கள் அவசியம் படிக்க வேண்டும். பளியர்களில் ஒருவர் இன்னொருவரை அதிகாரம் செய்வதில்லை. போட்டி அவர்களுக்கு ஆகாது. சச்சரவு வந்தால் பதிலுக்குப் பதில் பேசாமல் ஒருவர் எழுந்து போய்விடுவார். உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் வழக்கமும் குறைவு. தேனடை எங்கே, கிழங்கு எங்கே என்பதையெல்லாம் பிள்ளைகள் கூடவே போய்ப் பார்த்து, தாமே செய்து தெரிந்துகொள்வார்கள். அதனால் ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரிந்ததைப் போல இருக்காது. அதை அவர்கள் குறையாக நினைப்பதில்லை.

அப்படி வளர்ந்த பிள்ளை ரேங்க் கார்டும் மனப்பாடமுமாக இருக்கிற நம் வகுப்பில் வந்து உட்காருகிறது. அதட்டினால் எழுந்து போய்விடுகிறது. நாம் அதை ‘இடைநிற்றல்’ கணக்கில் எழுதி மூடுகிறோம். சண்டை வேண்டாம் என்று விலகிப் போவது அந்தப் பிள்ளை வீட்டில் கற்ற மரியாதை என்று வாத்தியாருக்கு யார் சொல்வது?

மானிடவியல் கற்பிப்பதற்காகச் சமவெளி மாணவர்களை வேனில் ஏற்றி, ‘பழங்குடிகளைப் பார்த்து வாருங்கள்’ என்று அனுப்பிவிடக் கூடாது. அது மானிடவியல் இல்லை, வேடிக்கை. முதல் பாடத்தை அவரவர் வீட்டிலேயே தொடங்கலாம். சித்தப்பா மகள் தங்கை. அத்தை மகள் மட்டும் ஏன் முறைப்பெண்? பக்கத்து உசிலம்பட்டி வட்டாரத்தில் பிரமலைக் கள்ளர்களிடையே களப்பணி செய்த பிரெஞ்சுக்காரர் லூயி துய்மோன், திராவிட உறவுமுறையைப் பற்றி 1953-இல் எழுதிய கட்டுரையின் மையக் கேள்வியே ஏறக்குறைய இதுதான். எட்டாம் வகுப்புப் பையனுக்கு இதன் பாதி விடை ஏற்கெனவே தெரியும். ஊரை உன்னிப்பாகப் பார்ப்பது எழுத்தாளர்கள் ராஜம் ஐயரும் சி.சு. செல்லப்பாவும் வளர்ந்த வத்தலக்குண்டு மண்ணுக்கு ஒன்றும் புதிதில்லை.

பி.எட். பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். எல்லோருக்கும் முடியாவிட்டாலும், மலையடிவாரப் பள்ளிகளுக்குப் போகும் ஆசிரியர்களுக்காவது ஒரு பருவம் மானிடவியலைக் கட்டாயமாக்குங்கள்.

அடுத்த வாரம், சென்னை அருங்காட்சியகத்தில் எட்கர் தர்ஸ்டன் மூக்கு அளந்த கதை.