ஆற்றங்கரையில் ஐந்து நாள் குடித்தனம்

"இந்த வருஷம் நீயும் கோயிலுக்கு வாறே" என்று மாமியார் சொன்னபோது, காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற சமாசாரம் என்றுதான் நினைத்தேன். அத்தை கொல்லைப்புறத்திலிருந்து தார்ப்பாய், சவுக்குக் கம்பு, கயிற்றுக் கட்டு, பெரிய சட்டி, அரிசி மூட்டை என்று ஒவ்வொன்றாக முற்றத்தில் அடுக்க ஆரம்பித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஐந்து நாள்! காட்டுக்குள், ஆற்றங்கரையில், கூடாரம் போட்டு! கையில் ஒன்றரை வயசுப் பையன் வேறு.

நான் மதுரையில் பிறந்து வளர்ந்தவள். கட்டிக்கொடுத்தது ஓட்டப்பிடாரத்தில். வ.உ.சி. பிறந்த ஊர் என்று பாடப் புத்தகத்தில் படித்ததைத் தவிர எனக்கு இந்தச் சீமை பற்றி ஒன்றும் தெரியாது. கரிசல் காடும், வெயிலும், குடமும் கையுமாகப் பெண்கள் நிற்கிற தெருக்குழாயும்தான் கண்ணில் பட்டவை. இந்த ஊர்க்காரர்களுக்கு வருஷத்தில் ஒரு தடவை ஆற்றங்கரையில் குடித்தனம் நடத்துகிற வழக்கம் உண்டு என்பது 2016 ஆடியில்தான் எனக்குத் தெரிந்தது.

பாபநாசத்துக்கு மேலே, காரையாறு அணைக்குக் கீழே, தாமிரபரணிக் கரையில் இருக்கிறது சொரிமுத்து அய்யனார் கோயில். தூத்துக்குடி, நெல்லை, தென்காசி மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு இதுதான் குலதெய்வம். ஆடி அமாவாசைக்குச் சில நாள் முன்னதாகவே ஜனங்கள் பாத்திரம் பண்டத்தோடு வந்து குடில் போட்டுவிடுவார்கள். சுற்றிலும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1988-ல் ஏற்பட்டது. தமிழ்நாட்டில் முதல் புலிகள் காப்பகம் அதுதான். "புலி வருமா அத்தை?" என்று கேட்டேன். "இத்தனை சனம் போடுற சத்தத்துல புலி எங்கிட்டு வரும்? குரங்குதான் வரும், தேங்காயைப் பத்திரமா வை" என்றார்.

வனத்துறைச் சோதனைச் சாவடியில் இறக்கிச் சோதித்தார்கள். பிளாஸ்டிக் பை கூடாது. ஆற்றில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கூடாது. எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. கைக்குழந்தைக்காரி சோப்பு இல்லாமல் ஐந்து நாள் எப்படி ஓட்டுவாள்? அத்தையோ சலனமே இல்லாமல் ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். கடலை மாவும் சீயக்காயும்! அதையும் ஆற்றில் இறங்கித் தேய்க்க விடவில்லை. வாளியில் மொண்டு வந்து, கரையை விட்டுத் தள்ளி, பாறை ஓரமாக நின்றுதான் குளிப்பாட்டினோம்.

கூடாரம் போடுவது ஒரு கலை என்றால் நம்புவீர்களா? ஆண்கள் தண்ணீருக்குப் பக்கத்திலேயே மணல் பார்த்துக் கம்பு ஊன்றப் போனார்கள். அத்தை விடவில்லை. ஆடி மாதம் மலையில் மழை பிடித்தால் ஆறு சொல்லாமல் கொள்ளாமல் ஏறும். ஆகையால் மேட்டில்தான் இடம். நாலு பக்கமும் பழைய சேலைதான் சுவர். அடுப்பு, காற்றுக்கு எதிர்ப்புறம். பக்கத்துக் கூடாரத்துக்கும் நமக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற சந்து. சாயங்காலத்துக்குள் ஒரு தெருவே எழும்பிவிட்டது.

"எங்கப்பா சொல்லுவாரு, முத்துக்குளிப்பு நடந்த காலத்துல கடற்கரையில இப்படித்தான் ஓலைக் கொட்டகையா ஊரே கிளம்பிருமாம்" என்றார் அத்தை. தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அந்தக் காலத்து முத்துக்குளிப்பு முகாம்களில் சுறாவை விடப் பெரிய பயம் காலரா. கூட்டம் கூடினால், அதுவும் தண்ணீரும் கழிவும் ஓரிடத்தில் சேர்ந்தால், நோய்க்குக் கொண்டாட்டம். இதை எனக்கு யாரும் அப்போது சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் காதில் வாங்கியிருப்பேனா தெரியாது, அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

உண்மையிலேயே சந்தோஷம்தான். வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிற மதினி, அங்கே எங்களோடு பாறையில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டார். கிடா வெட்டியவர்கள் நாலு கூடாரம் தள்ளி இருந்தாலும் ஒரு கிண்ணம் குழம்பு வந்துவிடும். இரவில் வில்லுப்பாட்டு. முத்துப்பட்டன் கதையை அங்கேதான் முதலில் கேட்டேன். சாதியை உதறிவிட்டுச் சக்கிலியர் வீட்டுப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இரண்டு பேரையும் கட்டிக்கொண்டு, செருப்புத் தைத்து, மாட்டுக் கிடை காக்கப் போய், களவாணிகளோடு சண்டையிட்டுச் செத்த பிராமணப் பிள்ளை. பட்டவராயன் என்று அங்கே சாமியாக நிற்கிறான். அவனுக்குக் காணிக்கை செருப்புதான்.

இரண்டாம் நாள் மத்தியானம் பையனுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது.

தப்பு என்னுடையது. தாய்ப்பாலோடு சத்துமாவும் கொடுத்துக்கொண்டிருந்தேன். விறகு ஈரம், அடுப்பு புகைந்தது, கண் எரிந்தது. "பொதிகை மூலிகைத் தண்ணி, ஒண்ணும் செய்யாது" என்று சுற்றிலும் எல்லாரும் சொன்னார்கள். பளிங்கு மாதிரி ஓடுகிற தண்ணீர். காய்ச்சாமலே கரைத்துக் கொடுத்துவிட்டேன். நமக்கு மேலே அன்றைக்கு எத்தனை குடும்பம் குளித்தது, எத்தனை பேர் ஒதுங்கினார்கள் என்று யோசிக்கவே இல்லை. மூலிகை மலையிலிருந்து வந்தாலும், கூட்டத்துக்குள் நுழைந்த தண்ணீர் கூட்டத்துத் தண்ணீர்தானே?

சாயங்காலத்துக்குள் ஆறேழு தடவை போய்விட்டது. குழந்தை துவண்டு தோளில் சாய்ந்தான். பாலை நிறுத்து என்று ஒரு பெரியம்மை, வசம்பு சுட்டுக் கொடு என்று இன்னொரு பெரியம்மை. நல்லவேளை, அடுத்த கூடாரத்தில் வேம்பார் பக்கத்து அக்கா ஒருவர் இருந்தார். அங்கன்வாடியில் வேலை. "பாலை நிறுத்தாதே தாயி, இன்னும் அதிகமாக் கொடு" என்று சொல்லிக்கொண்டே அடுப்பில் தண்ணீர் ஏற்றினார். நன்றாகக் கொதித்துக் குமிழி வந்த பிறகு ஒரு நிமிஷம் விட்டு இறக்கி ஆறவைத்தார். ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. எல்லாம் மட்டமாக, குவியலாக அல்ல. கரைத்து முதலில் தான் ருசி பார்த்தார். கண்ணீரை விட உப்பாக இருந்தால் கொட்டிவிட வேண்டுமாம். சங்கில் ஊற்றவில்லை, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடியும். இரண்டு வயசுக்குள் இருக்கிற குழந்தைக்கு ஒவ்வொரு தடவை போனதும் அரை டம்ளர் அளவு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கையில் இருந்தால் அதுவே மேல். எங்கள் மூட்டையில் மஞ்சள் தூள் மூன்று வகை இருந்தது, அது ஒன்றுதான் இல்லை! எதுவானாலும் கரைத்தது ஒரு நாளைக்குத்தான். மறுநாள் புதிதாகக் கரைக்க வேண்டும்.

ராத்திரி முழுக்க நானும் அத்தையும் மாறி மாறி உட்கார்ந்திருந்தோம். கண் குழி விழுந்தாலும், அழுதால் கண்ணீர் வராவிட்டாலும், ஆறு மணி நேரம் ஒன்றுக்குப் போகாவிட்டாலும், மலத்தில் ரத்தம் கண்டாலும் காத்திருக்கக் கூடாது, உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று அந்த அக்கா சொல்லியிருந்தார். அதிகாலையில் என் மடியை நனைத்தான் பாருங்கள், அந்த மாதிரி ஆனந்தம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை! விடிந்ததும் திருவிழா மருத்துவ முகாமுக்குத் தூக்கிப் போனோம். துத்தநாக மாத்திரை கொடுத்து, நின்றுபோனாலும் பதினாலு நாள் விடாமல் கொடுக்கச் சொன்னார்கள்.

குழந்தை கதை இப்படி என்றால் என் கதை வேறு. காட்டுப் பக்கம் ஒதுங்கப் பயந்து, முதல் இரண்டு நாளும் தண்ணீரே குடிக்காமல் இருந்தேன். பலன், நீர்க்கடுப்பு. உயிர் போய்விட்டது. "ஏட்டி, வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும்" என்று அத்தை கோபித்துக்கொண்டார். அதற்குப் பிறகு இருட்டு விலகுவதற்கு முன் நாங்கள் நாலைந்து பெண்கள் சேர்ந்து, டார்ச் லைட்டும் மண்வெட்டியும் ஒரு சேலை மறைப்புமாக, ஆற்றை விட்டு வெகு தூரம் தள்ளிப் போய்வந்தோம். குழி தோண்டி மூடுவது அத்தையின் சட்டம். மாதவிலக்குத் துணியை ஆற்றிலோ புதரிலோ எறியாமல், காகிதத்தில் சுற்றித் தனிப் பையில் போட்டு ஊருக்கே திருப்பிக் கொண்டுவந்தோம். சங்கடம்தான். ஆனால் தாகத்தை அடக்கிக்கொண்டு மூத்திரப்பையைப் புண்ணாக்கிக்கொள்வதை விட இது எவ்வளவோ தேவலை.

அமாவாசையன்று கூட்டம் நெரிந்தது. பூக்குழி பார்த்தோம். தர்ப்பணம் முடித்து ஜனங்கள் உடுத்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டுப் போவதையும் பார்த்தேன். நனைந்த வேட்டியும் சேலையும் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டு கிடந்தன. இந்தத் தண்ணீர்தான் சுமார் 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலில் சேருகிறது. வழியில் வல்லநாட்டில் எடுத்துத்தான் தூத்துக்குடிக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். "நம்ம மாவட்டத்துக் குடத்துல விழுகிற தண்ணி அத்தை" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த மாமாவின் பழைய வேட்டியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சில வருஷங்களாகத் தங்கும் நாட்களை வனத்துறை குறைத்துவிட்டது. சொந்த வண்டிகளைக் கீழேயே நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில் ஏறச் சொல்கிறார்கள். வருஷத்துக்கு வருஷம் ஏற்பாடு மாறுகிறது. விசாரித்துக்கொண்டு மூட்டை கட்டுவது நல்லது. எத்தனை நாளானாலும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பத்தாவது இருக்கட்டும்.

மறு ஆடிக்கு முற்றத்தில் சாமான் அடுக்கும்போது பார்த்தேன். எப்போதும் ஒரே தண்ணீர்ப் பானை கொண்டுவருகிற அத்தை இரண்டு எடுத்து வைத்திருந்தார். ஒன்றின் கழுத்தில் சுண்ணாம்பால் பட்டையாக ஒரு கோடு.

"இது காய்ச்சின தண்ணிக்கு மட்டும். எவளும் கையை விடக்கூடாது" என்றார்.