மாநகரும் சரக்கு வண்டியும்

சென்னையிலே காலை ஆறு மணிக்கு ஓர் இல்லத்தரசி வாசலில் நின்று கத்தரிக்காய்க்கு விலை பேசுகிறாள். அக்காய் முந்திய நாட் பிற்பகல் தொலைவிலுள்ள ஒரு தோட்டத்திற் பறிக்கப்பட்டு, சாக்கில் அடைபட்டு, லொறி ஏறி, இரவு முழுவதும் நெடுஞ்சாலையில் ஓடி, விடியுமுன் மொத்த வியாபாரியின் கடையில் இறங்கி, அங்கிருந்து சிறுவண்டிக்கு மாறி, அவள் தெருவை அடைந்தது. எத்தனைபேர் அதன்பொருட்டு உறக்கம் இழந்தனர் என்பதை அவள் அறியாள். எட்டரை மணிக்கு அலுவலகம் புறப்படும் அவள் கணவனோ, வழியில் ஒரு லொறி குறுக்கே நிற்கக் கண்டு, "இவற்றை நகருக்குள் விடுவதே தவறு" என்று சினக்கிறான். மனைவி வாங்கிய காயும் கணவனை மறித்த லொறியும் வேறு வேறல்ல என்பதை இருவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பொறியியலாளர் பலரை நாட்டுக்கு அளித்த கல்லூரியின் மலரிலே இப்பொருளைத் தமிழாசிரியன் எழுதுவானேன் என அன்பர் சிலர் வினவக்கூடும். பட்டினப்பாலையைப் படிப்பிக்கும்போது, காவிரிப்பூம்பட்டினத்து முற்றங்களிற் குவிந்து கிடந்த மூட்டைகளையும், சுங்கங்கொள்வோர் அவற்றிற் புலிப்பொறி இட்டமையையும் மாணவர்க்கு விளக்குகிறோம். அம்மூட்டைகள் முற்றத்தை விட்டு எவ்வழியாற் கடைத்தெருவைச் சேர்ந்தன என்று ஒரு மாணவன் கேட்டால் ஆசிரியன் யாது விடை பகர்வது? அவ்வினாவைத் தொடர்ந்து சென்றதன் பயனே இக்கட்டுரை.

வினா பழையது, அதற்கு ஆட்சியாளர் கண்ட முதல் விடையும் பழையதே. கி. மு. 45 ஆம் ஆண்டளவில் யூலியஸ் சீசர் காலத்துச் சட்டமொன்று, உரோமாபுரியின் வீதிகளிலே பகலின் பெரும்பகுதியிற் சுமைவண்டிகள் செல்லலாகாது எனத் தடுத்தது. கோயில் கட்டும் பொருள் முதலிய சிலவற்றுக்கே விலக்கு இருந்தது. வண்டிகள் இரவில் உருளத் தொடங்கின. ஒன்றரை நூற்றாண்டின் பின் வாழ்ந்த யுவெனல் என்னும் அங்கதக் கவிஞர், அவற்றின் ஓசையால் நகரத்தில் உறங்க முடிவதில்லை என முறையிட்டார். இந்தியாவில் 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 115 ஆம் பிரிவில், குறித்த வீதியிற் குறித்த வகை ஊர்தியைத் தடைசெய்யும் அதிகாரத்தை மாநில அரசுக்கு வழங்குகின்றது. டில்லி, கல்கத்தா, பெங்களூர், சென்னை ஆகிய எல்லா மாநகரங்களும் இவ்வதிகாரங் கொண்டே கனரக லொறிகளைப் பகலில், அல்லது காலை மாலை நெருக்கடி வேளைகளில், சில வீதிகளிலிருந்து விலக்கி வைக்கின்றன.

இம்மருந்து எத்துணைப் பயன்தரும் என்பதை அறியச் சற்றுக் கணக்குப் பார்க்கவேண்டும். இந்திய வீதிக் காங்கிரஸ் என்னும் பொறியியலாளர் அவை, நெடுஞ்சாலைகளின் கொள்ளளவைக் கணிப்பதற்கு 1990 இல் ஓர் அளவுமுறையை வகுத்தது. மோட்டார்க் கார் ஒன்று வீதியில் அடைக்கும் இடத்தை ஓர் அலகு எனக் கொண்டால், லொறிக்கு 3 அலகு, கைவண்டிக்கும் 3, பெரிய மாட்டுவண்டிக்கு 8. மாட்டுவண்டி லொறியினும் சிறியதாயிற்றே, அதற்கு ஏன் 8 என மயங்கவேண்டா. அது மெல்லச் செல்வதனாற் பின்வருவனவெல்லாம் தேங்குகின்றன. அத்தேக்கமும் கணக்கிற் சேரும். சிறிய சரக்குக் காருக்கு 1 அலகுதான். நகர வீதிக்கு இவ்வெண்கள் சிறிது மாறுபடும், அடிப்படை மாறாது.

இனி, 9 தொன் அரிசி ஒரு கடைத்தெருவுக்குச் செல்லவேண்டும் எனக் கொள்வோம். ஒரு லொறியிற் சென்றால் 3 அலகு. பகலில் லொறிக்குத் தடை என்றால் வியாபாரி அரிசி விற்பதை நிறுத்திவிடுவானா? நகர எல்லையில் இறக்கிச் சிறு ஊர்திகளில் ஏற்றுவான். 2005 இல் டாட்டா நிறுவனம் 'ஏஸ்' என்னும் சிறு சரக்கு ஊர்தியை வெளியிட்டது; தமிழ்நாட்டு மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என அழகிய பெயர் சூட்டியுள்ளனர். அது முதலில் வந்தபோது முக்கால் தொன் சுமந்தது. 9 தொன்னுக்குப் பன்னிரண்டு குட்டி யானைகள் வேண்டும்; அலகு 12. ஒரு சாரதிக்குப் பதிலாகப் பன்னிருவர். ஓர் எஞ்சினுக்குப் பதிலாகப் பன்னிரண்டு எஞ்சின்களின் புகை. ஒருமுறை இறக்கவேண்டிய மூட்டையை இருமுறை ஏற்றி இறக்கும் கூலி. தடையின் நோக்கம் நெரிசலைக் குறைப்பது. கண்ட பலன் நால்மடங்கு இடம். குட்டி யானை மீது யான் குறைகூறவில்லை. குறுந்தெருவில் அது செய்யும் தொண்டு பெரிது. சிறு முதலோடு தொழில் தொடங்கிய பலருக்கு அது சோறு போடுகின்றது. பெரிய ஊர்தி செல்லக்கூடிய வீதியிலும் அதனையே செல்லும்படி வற்புறுத்துவதுதான் பிழை.

தடையே கூடாதென்பதும் என் கருத்தன்று. பாடசாலை கூடும் நேரத்திலும் கலையும் நேரத்திலும் துவிச்சக்கர வண்டியிற் செல்லும் பிள்ளைகளுக்கு அருகே பத்துச் சில்லு லொறி செல்வதை எந்த ஆசிரியன் பொறுப்பான்? அவ்வேளைத் தடையை முழுமனத்தோடு ஆதரிப்பேன். எண்ணாமல் இடும் தடையையே மறுக்கிறேன்.

தடைக்கு அடுத்த வழி இடமாற்றம். சென்னையில் உயர்கல்வி பயின்ற நம் மூத்த பழைய மாணவர் கொத்தவால் சாவடியை மறந்திரார். கோட்டைக்கு வடக்கே, ஜோர்ஜ் டவுன் என்னும் பழைய நகர்ப்பகுதியில், தலைச்சுமையையும் மாட்டுவண்டியையும் கருதி அமைந்த தெருக்களின் நடுவே, மாநகர் முழுவதற்கும் காய்கறியும் பழமும் வழங்கிய சந்தை அது. லொறி நுழைந்தால் திரும்ப இடமில்லை. பின்னோக்கி வரவும் வழியில்லை. அழுகிய இலை கால்களிற் சிக்கும். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் இச்சந்தையை 1996 இல், நகரின் மேற்கேயுள்ள கோயம்பேட்டுக்கு மாற்றியது. அங்கே காய்கறிக்கும் கனிக்கும் மலருக்கும் தனித்தனிக் கட்டடங்கள், லொறி நிற்க முற்றங்கள், ஆயிரக்கணக்கான கடைகள். பூந்தமல்லிச் சாலையும் உள்வட்டச் சாலையும் கூடும் இடமாதலின், வெளியூர் லொறிகள் பழைய நகருக்குள் புகாமலே சரக்கை இறக்கலாயின. சுதந்திர இந்தியாவில் இத்துறையில் நிறைவேறிய நற்செயல்களில் இதனையும் ஒன்றாக வைத்தெண்ணலாம் என்பது என் துணிபு.

ஆயினும் இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலாவது, காய்கறி பெயர்ந்ததேயன்றி ஏனைய வணிகம் பெயரவில்லை. ஆண்டர்சன் தெருவிற் காகிதம், கோடவுன் தெருவில் துணி, நைனியப்ப நாயக்கன் தெருவில் இரசாயனப் பொருள், இராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்து எனத் தெருவுக்கொரு சரக்காக ஜோர்ஜ் டவுன் இன்றும் விளங்குகின்றது. லொறி முகவர்களுக்கென மாதவரத்தில் ஒரு சரக்கு ஊர்தி முனையம் அமைந்தும், வால்டாக்ஸ் சாலையிற் சரக்குப் பதியும் அலுவலகங்கள் முற்றாக நீங்கினவல்ல. வாடிக்கையாளர் நடந்துவரும் தூரத்தில் இருப்பதே அவர்தம் முதல். (அச்சாலையின் பெயர் வேடிக்கையானது. 18 ஆம் நூற்றாண்டில் நகர மதில் கட்டிய செலவை மக்களிடம் வரியாக அறவிட ஆங்கிலேயர் எண்ணினர். வரி அறவிடப்படவில்லை, மதிலின் பெரும்பகுதியும் போயிற்று, பெயர் மட்டும் நிற்கின்றது.)

இரண்டாவது, நகரம் நின்ற இடத்தில் நில்லாது. 1996 இற் புறநகராயிருந்த கோயம்பேட்டுக்கு 2002 இல் வெளியூர்ப் பேருந்து நிலையமும் வந்தது. 2015 இற் சென்னை மெட்ரோவின் முதலாவது வழி அங்கிருந்தே ஆலந்தூருக்கு ஓடியது. சந்தையைச் சூழ வீடுகளும் கடைகளும் நெருங்கின. எதனை விட்டுச் சந்தை ஓடியதோ அது இருபது ஆண்டுக்குள் பின்னாலேயே வந்துசேர்ந்தது. 2023 திசெம்பரிற் பேருந்து நிலையம் கிளாம்பாக்கத்திலே திறக்கப்பட்டது. அதற்கு முன்னர், இரவுப் பேருந்தில் வந்திறங்கிய ஒருநாள், விடியுமுன் அச்சந்தையை யான் சுற்றிப் பார்த்ததுண்டு. லொறிக்கென அகலமாக அமைத்த வழியிலே பாதியைச் சில்லறை வியாபாரிகளும், மீதியில் ஒரு பங்கை மீன்பாடி வண்டிகளும் கொண்டிருந்தன. முதுகில் வெங்காய மூட்டையோடு ஒரு முதியவர் இவற்றின் இடையே வளைந்து வளைந்து ஓடினார். நடந்தால் அன்றைய கூலி குறையும் போலும்.

அம்முதியவரைக் கண்டபோது ஒன்று புலனாயிற்று. பேருந்திலிருந்து இறங்கும் மனிதன் தன் காலால் நடந்து வீடு சேர்வான். மூட்டை நடவாது. ஆகவே சரக்கு ஊர்திக்கு ஓடும் வழியைக்காட்டிலும் நிற்கும் இடம் முதன்மையானது. இந்திய நகரங்கள் மேம்பாலம் அமைப்பதிற் காட்டும் ஊக்கத்தைக் கடைவாயிலில் இருபதடி இறக்குமிடம் ஒதுக்குவதிற் காட்டுவதில்லை. அவ்விருபதடியும் கார் நிறுத்தப் போய்விடும். லொறிச் சாரதி நடுவீதியில் நிறுத்துவான். பொலிசார் தண்டம் எழுதுவர். அத்தண்டம் அரிசி விலையிற் சேரும்.

நகருக்குச் சரக்குக் கொண்டுவராத லொறிகளும் நகரை நெருக்குவதுண்டு. டில்லி இதற்குத் தக்க சான்று. வடக்கேயிருந்து தெற்கும் கிழக்கும் செல்லும் பெருஞ்சாலைகள் அந்நகரிற் கூடுவதால், அங்கு இறக்குவதற்கு ஒரு மூட்டைகூட இல்லாத லொறிகளும் இரவில் அதனூடே சென்றன. 2015 ஒக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம், நகருட் புகும் இலகு சரக்கு ஊர்திக்கு 700 ரூபாவும் கனரக லொறிக்கு 1,300 ரூபாவும் சூழல் ஈட்டுக் கட்டணமாக விதித்தது. அவ்வாண்டு திசெம்பரில் அவை 1,400, 2,600 என இருமடங்காயின. கட்டணம் கொடுக்க விரும்பாதவன் சுற்றிச் செல்ல வழி வேண்டுமன்றோ? கிழக்குப் புறவழி விரைவுச்சாலை 2018 மே மாதத்திலும், மேற்குப் புறவழி அவ்வாண்டு நவம்பரிலும் முழுமையாகத் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 135 கிலோமீற்றர். கட்டணமும் மாற்றுவழியும் கூடியபோதே முறை நிறைவெய்தியது. 2021 இல் அந்நகரம் மின்கலத்தால் ஓடும் இலகு சரக்கு ஊர்திகளுக்கு நேரத்தடையிலிருந்து விலக்கும் அளித்தது.

மும்பாயில் தடை வேறு உருவில் இருந்தது. நகருட் புகும் பண்டத்துக்கு மாநகராட்சி நுழைவரி வாங்கியதால் எல்லைச் சாவடிகளில் லொறிகள் நெடுநேரம் காத்திருந்தன. 2017 யூலை முதலாந் திகதி பொருள்கள் சேவைகள் வரி நடைமுறைக்கு வந்தபோது அவ்வரி ஒழிந்தது. புலிப்பொறி இட்ட காலத்திலிருந்து தொடர்ந்துவந்த ஒரு வழக்கத்தின் பெரும்பகுதி ஒரே நாளில் நின்றது எனலாம்.

மீண்டும் சென்னைக்கு வருவோம். அங்கே துறைமுகம் நகரின் மடியிலேயே உள்ளது. கொள்கலன் ஏற்றிய நீள லொறிகள் வடசென்னை வீதிகளில் மணிக்கணக்காக வரிசையில் நிற்க, சாரதி உண்பதும் உறங்குவதும் இருக்கையிலேயே. 2001 இல் எண்ணூரிற் புதிய துறைமுகம் தொடங்கியது. 2011 இல் நீதிமன்ற ஆணையால் நிலக்கரியும் இரும்புத்தாதும் சென்னைத் துறைமுகத்தை விட்டு நீங்கின. கொள்கலன் நீங்கவில்லை. அதற்கென மதுரவாயல் வரை ஏறத்தாழ 20 கிலோமீற்றர் நீளத்துக்கு உயர்மட்டச் சாலை அமைக்க 2009 இல் அடிக்கல் நாட்டினர். கூவம் ஆற்றின் ஓட்டம் தடைப்படும் எனக்கூறி 2012 இல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. எழுப்பிய தூண்கள் பத்தாண்டு வெயிலில் நின்றன. 2022 மே மாதத்தில் இரண்டடுக்குப் பாலமாக மீண்டும் அடிக்கல் நாட்டியபோது செலவு முன்னையதின் மும்மடங்குக்கு மேற்பட்டிருந்தது. ஆற்றைக் காப்பதா, சாலையைக் காப்பதா என்பது எளிதில் தீரும் வழக்கன்று. அதனைத் தூண் எழுப்புமுன் தீர்த்திருக்கலாம். அப்பத்தாண்டுத் தாமதத்தின் செலவை அரசு மட்டும் தாங்கவில்லை. வரிசையில் நின்ற சாரதிகளும், அவ்வீதிகளிற் புகை சுவாசித்த இராயபுரம், திருவொற்றியூர் மக்களும் தாங்கினர்.

2020 மே மாதத்தில், கொள்ளைநோய்க் காலத்தில், கோயம்பேடு மூடப்பட்டது. காய்கறி வாணிகம் சில நாளில் மேற்கே திருமழிசைக்குச் சென்றது. அங்கே இடம் நிரம்ப இருந்தது; லொறி எங்கும் திரும்பலாம். ஆயின் மேலே கூரையில்லை, கீழே தளமில்லை. மழை பெய்ய நிலம் சேறாயிற்று, மூட்டைகள் நனைந்தன, சில்லறை வியாபாரிக்கு வழிச்செலவு ஏறியது. செப்டெம்பர் இறுதியில் லொறிகள் மீண்டும் கோயம்பேட்டு வாயில்களுக்கே திரும்பின.